மைக்ரோவேவ் அடுப்பு: பயம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

எமது ஒழுங்கையில் மைக்ரோவேவ் அடுப்பு இல்லாத வீடு இப்போது குறைவு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி வைத்துவிட்டுப் போகும் பொருள்களில் அதற்கு முதலிடம். அடுத்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். மருமகள் அந்தப் பெட்டியை இயக்கியதும் குசினியை விட்டு வெளியேறிக் கிணற்றடியில் போய் நின்று, மணிச் சத்தம் கேட்ட பின்னரே உள்ளே வருவார். கதிர் பட்டால் புற்றுநோய் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அவ்வளவு தூரம் விலகி நின்ற அதே பெட்டி, குளிர்சாதனப் பெட்டியும் மின்கேத்திலும் ஏற்கெனவே செருகப்பட்டிருந்த ஒரு மல்டி பிளக்கில் மூன்றாவதாக இணைக்கப்பட்டிருந்தது. கடந்த மாதம் அந்தப் பிளக் உருகிச் சுவரில் கரி படிந்த பின்னர்தான் என்னை அழைத்துக் காட்டினார்கள். பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த அம்மாவின் பயம். இந்த அடுப்பினுள் உண்டாகும் அலைகள் 2450 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் (ஒரு செக்கனில் அதிரும் தடவைகள்) கொண்ட மின்காந்த அலைகள். அவை வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. எக்ஸ் கதிர்களின் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெடுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. உணவைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றவும் அவற்றால் முடியாது. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இடைவிடாது திருப்பி அலைக்கழிப்பதனாலேயே சூடு பிறக்கிறது. மின்குமிழை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுவதைப்போல, அடுப்பு நின்றதும் அலைகளும் போய்விடுகின்றன. உணவில் எதுவும் தங்குவதில்லை. (அலைகள் நீரின் இயற்கை மீடிறனுடன் பரிவுறுவதாலேயே, அதாவது ஒத்திசைவதாலேயே, இந்தச் சூடு பிறக்கிறது என்று நானே பல வருடங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பிழையான விளக்கம். என் பழைய மாணவர்கள் பொறுத்தருள வேண்டும்.) றேடாருக்காக உருவாக்கப்பட்ட மக்னெற்றன் என்ற, அலைகளை உண்டாக்கும் கருவியே இதன் இதயம் என்பதும், 1945 இல் அமெரிக்காவில் பேர்சி ஸ்பென்சர் என்ற றேடார் பொறியியலாளரே அதைச் சமையலுக்குத் திருப்பினார் என்பதும் உண்மைதான். போரைக் கண்ட எம்மவருக்கு இந்தப் பெட்டியின்மீது ஒரு சந்தேகம் இருப்பதில் வியப்பில்லை.

கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் துளையிட்ட உலோகத் தகட்டைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அடுப்பினுள் உள்ள அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். அந்தத் துளைகளோ ஓரிரு மில்லிமீற்றர் அளவானவை. ஆகவே வெளிச்சம் வெளியே வருகிறது, அலை வருவதில்லை. சிறிதளவு கசிந்தாலும் அதற்கு எல்லை உண்டு: மேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாற்றுக்கு மேற்படக் கூடாது என அமெரிக்கா 1971 முதல் விதித்துள்ளது. விலகிப் போகப் போக அதுவும் விரைவாகத் தேய்ந்துவிடும். கதவைத் திறந்தவுடன் இயக்கத்தை நிறுத்தும் பூட்டுகளும் உள்ளே இருக்கின்றன. எனவே அந்த அம்மா கிணற்றடிவரை போகத் தேவையில்லை; குசினிக் கதிரையிலேயே இருக்கலாம். ஆனால் பிணைச்சல் வளைந்த, கண்ணாடி வெடித்த, விளிம்பு கருகிய கதவுள்ள அடுப்பை ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது.

இனி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அடுப்பின் முகப்பில் 800 வாற்று என்று எழுதியிருந்தால், அது உணவுக்குப் போய்ச் சேரும் வலுவே தவிர, சுவரிலிருந்து இழுக்கும் வலு அல்ல. இழுப்பது 1200 வாற்று அளவில் இருக்கும். எமது 230 வோல்ற்று மின்சாரத்தில் அது 5 அம்பியருக்குச் சற்று மேல். எங்கள் பழைய கல்வீடுகளில் மின்விசிறிக்கும் வானொலிக்குமென்று பொருத்தப்பட்ட உருண்டை முனைச் சொக்கெற்றுகளின் அளவே 5 அம்பியர்தான். அதில் மைக்ரோவேவை மட்டும் இணைத்தாலே அளவு கடந்துவிடும். மல்டி பிளக் போட்டுக் கேத்திலையும் சேர்த்தால் உருகாமல் என்ன செய்யும்? தொண்ணூறுகளில் வருடக்கணக்காக மின்சாரமின்றி இருந்துவிட்டு, அது திரும்பி வந்தபோது அவரவர் இயன்றபடி இழுத்துக்கொண்ட வயர்கள் இன்னமும் எத்தனையோ சுவர்களுக்குள் இருக்கின்றன. 13 அம்பியர்ச் சொக்கெற் ஒன்றை இந்த அடுப்புக்கென்றே, எர்த் வயருடன், தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பொருத்துவிப்பது அடுப்பு வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை. மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கும் மாற்றிகள் எர்த்தை அறுத்துவிடுகின்றன. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சில் 'ரெஸ்ற்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதமொருமுறை அதை அழுத்திப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

கனடாவிலிருந்து பெட்டி போட்டு அனுப்பப்படும் அடுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்குள்ள மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவைக் குறைக்கும் பெட்டியொன்றை வாங்கி இணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வோல்ற்றளவை மட்டுமே மாற்றும், மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென அமைந்த அடுப்பின் உள்ளே வோல்ற்றளவை உயர்த்தும் நிலைமாற்றி 50 ஹேர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போகும். அனுப்ப விரும்பும் உறவினர் அந்தப் பணத்தை அனுப்பினால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இலண்டனிலிருந்து வரும் அடுப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது உணவு. இந்த அடுப்பு உணவை எல்லா இடத்திலும் ஒரேயளவாகச் சூடாக்குவதில்லை என்பதே அதைப் பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டியது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள சில்லு வளையத்தையும் எடுத்துவிட்டு, ஒரு பெரிய பீங்கானில் பொரிக்காத அப்பளங்களைப் பரப்பிச் சில செக்கன்கள் மட்டும் இயக்குங்கள். அப்பளம் முழுவதும் பொங்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகப் பொங்கும். அலை நீளத்தின் பாதி 6 சென்ரிமீற்றர் என்பதால், அந்தத் திட்டுகளும் பல இடங்களில் ஏறத்தாழ அந்த இடைவெளியிலேயே அமைந்திருக்கும். இடையில் பொங்காமல் கிடக்கும் பகுதிகளே நேற்றைய சோற்றில் பற்றீரியா பிழைத்துக் கிடக்கும் இடங்கள். (தட்டைத் திரும்பப் பொருத்தி ஒரு நிமிடமளவில் இயக்கினால் அப்பளம் எண்ணெய் இல்லாமலே முழுதாகப் பொங்கும். இருதய நோயாளியான எனக்கு இந்த அடுப்பு செய்த பெரிய உபகாரம் அதுதான்.)

மேலும், அலை உணவுக்குள் சில சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாகப் போவதில்லை. நடுப்பகுதி வெளிப்புறத்திலிருந்து கடத்தப்படும் வெப்பத்தினாலேயே சூடாக வேண்டும். ஆகவே குழம்பையோ சோற்றையோ சட்டியோடு குவித்து வைக்காமல் அகன்ற பாத்திரத்தில் பரப்பி, பாதி நேரத்தில் எடுத்துக் கிளறி, மீண்டும் சூடாக்கி, அடுப்பு நின்ற பின் இரண்டு நிமிடம் மூடியபடியே விட வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் வீண் நேரமல்ல. சூடு நடுவுக்குப் பரவும் நேரம். மீளச் சூடாக்கும் உணவு எல்லா இடத்திலும் 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் நடுவிலிருந்து ஆவி பறக்கிறதா என்று பார்க்கலாம்.

எவ்வளவு சூடாக்கினாலும் திருத்த முடியாத கேடுகளும் உண்டு. பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. ஆக்கிய சோற்றை எமது வெக்கையில் மத்தியானம் முதல் இரவுவரை மேசையில் வைத்திருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சொன்றை உண்டாக்கும். வாந்தியை வருவிக்கும் அந்த நஞ்சு பின்னர் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சூரை போன்ற மீன்களைக் குளிரூட்டாமல் விட்டால் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற நச்சுப் பொருளும் அப்படியே. 'மைக்ரோவேவில் வைத்தால் எல்லாம் சரி' என்று எம்மவர் சொல்வது இந்த இடத்தில் மிகத் தவறு. ஆக்கிய உணவை இரண்டு மணித்தியாலத்துக்குள், வெயில் 32 பாகையைத் தாண்டும் நாள்களில் ஒரு மணித்தியாலத்துக்குள், ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால்தான் அடுத்த நாள் சூடாக்குவதில் பொருளுண்டு.

பிட்டும் இடியப்பமும் இதில் காய்ந்து இறுகிவிடுகின்றன என்று குறை சொல்வார்கள். கைநிறையத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியாலோ சற்றுத் திறந்த மூடியாலோ மூடி, வலுவைப் பாதியாகக் குறைத்துச் சூடாக்கினால் நீற்றுப்பெட்டியிலிருந்து இறக்கியதைப்போல இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்ட வரும். நேரத்தைப் பொறுத்தவரை ஊரார் சொல்லும் கணக்கு உதவாது. உங்கள் அடுப்பின் உண்மையான வலுவை நீங்களே அளக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரை முழு வலுவில் இரண்டு நிமிடம் சூடாக்கிக் கலக்கி, வெப்பநிலை எத்தனை பாகை உயர்ந்தது என்று பார்த்து, அதை 35 ஆல் பெருக்குங்கள். 20 பாகை உயர்ந்திருந்தால் 700 வாற்று. மாலையில் வோல்ற்றளவு விழும் இடங்களில் இந்த எண்ணும் விழும். காலையில் இரண்டு நிமிடத்தில் சூடான கறி இரவில் சூடாகாமல் இருப்பதன் காரணம் பெரும்பாலும் அதுவே.

பாத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்வர்ச் சட்டி, கரண்டி, அலுமினியத் தாள், கல்யாண வீட்டில் கிடைத்த பொன்விளிம்புப் பீங்கான் எதுவும் ஆகாது, பொறி பறக்கும். ஐஸ்கிறீம் டப்பாவும் மாஜரின் டப்பாவும் குளிர்ப் பொருளுக்காகச் செய்யப்பட்டவை. கடைச் சோற்றை லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளோடு உள்ளே வைப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பீங்கானோ மண்பாத்திரமோ பொருந்துமா என்று சந்தேகமிருந்தால், அதை வெறுமையாக வைத்து அருகில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் இயக்குங்கள்; தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் பயன்படுத்தலாம்.

தண்ணீரும் தனிக் கவனம் வேண்டுவது. வழுவழுப்பான குவளையில் தண்ணீரை மட்டும் நெடுநேரம் சூடாக்கினால் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் அமைதியாக இருக்கும். தேயிலைப் பையையோ சீனியையோ போட்ட கணத்தில் சீறி முகத்தில் தெறிக்கும். முன்கூட்டியே ஒரு மரக்கரண்டியைக் குவளையில் இட்டு, சூடானதும் சற்றுப் பொறுத்து எடுப்பதே பாதுகாப்பு. ஓட்டோடு முட்டையை அவிக்க முயல வேண்டாம். அது வெடிக்கும், சில வேளை வெளியே எடுத்துக் கையில் வைத்திருக்கும்போதே வெடிக்கும். எண்ணெயைக் காய்ச்சுவதும் செத்தல் மிளகாய் வறுப்பதும் இதற்குரிய வேலைகள் அல்ல. குழந்தையின் பால்போத்தலை இதில் சூடாக்கவே கூடாது: போத்தல் தொடுவதற்கு இளஞ்சூடாக இருக்கும்போதே பாலின் ஒரு பகுதி நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் இதைக் கூடாதென்றே அறிவுறுத்துகிறது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் போத்தலை நிறுத்தும் எங்கள் ஆச்சிமாரின் வழக்கம் போதுமானது.

உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறக்க வேண்டாம். சுவர்ச் சுவிச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் காற்றின்றித் தானாக அணையும். அடுப்பை வெறுமையாக இயக்குவதும், பூவேலை செய்த துணியால் மூடி அதன்மேல் பாணையும் பத்திரிகைகளையும் அடுக்கி வைப்பதும் (தங்கள் பத்திரிகையும் அங்கே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்) அதன் ஆயுளைக் குறைக்கும். காற்று போகும் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். அந்தத் துவாரங்கள் வழியாக எறும்பும் பல்லியும் உள்ளே போவது எங்கள் ஊரின் தனிப் பிரச்சினை. உள்ளே சிந்தியதை அன்றன்றே துடைத்தால் எறும்பு வராது. தேசிக்காய் பிழிந்த தண்ணீரை ஒரு கோப்பையில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்துவிட்டுத் துடைத்தால் காய்ந்த கறையும் இலகுவில் விடும்.

பழுதடைந்த அடுப்பின் வெளிக்கூட்டை வீட்டில் எவரும் கழற்றக் கூடாது. உள்ளேயுள்ள, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவி 2000 வோல்ற்று அளவில் ஏற்றம் பெறுவது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அந்த ஏற்றம் உள்ளே நிற்கலாம். தொலைக்காட்சி திருத்தத் தெரிந்த பொடியனுக்கு இதுவும் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

இறுதியாக ஒரு கோரிக்கை. என் வீட்டு அடுப்புடன் வந்த கையேட்டில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே இருந்தன. அதைப் பயன்படுத்தப் போகிறவர்களோ பெரும்பாலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்கள். இந்த அடுப்புகளை இங்கு விற்பவர்கள், எத்தகைய சொக்கெற் வேண்டும், எந்தப் பாத்திரம் ஆகாது, உணவைக் கிளறிப் பொறுத்திருந்து எடுப்பது எப்படி என்பவற்றையாவது தமிழில் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு பெட்டியோடும் கொடுக்க வேண்டும். அச்செழுத்துப் படிக்கச் சிரமப்படும் அந்த அடுத்த வீட்டு அம்மாவுக்கு நான் நான்கு வரிகளை மட்டையில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். புதிய சொக்கெற்றும் பொருத்தியாகிவிட்டது. அவர் இப்போது கிணற்றடிக்குப் போவதில்லை, குசினி வாசற்படிவரைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.