25-வது நாளில் நின்றுபோகும் சம்பளக் கணக்கு

டிக்கோயா
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஆறு கிழமையாகிறது. பதில் போடாதது என் தப்புத்தான், காரணம் தேடப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். இந்த மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு குறையில்லை. டொர்ச் மாஸ்டரைக் கண்டால் கேட்டதாகச் சொல். அந்த டொர்ச் இன்னும் எரிகிறதா என்றும் கேள், அவர் கோபப்பட்டால் அது உன் பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். வாசிகசாலையில் நாலு பழைய மெஷின், பதினொரு பிள்ளைகள், கியூபேசிக் (பேசிக் என்ற புரோகிராம் மொழியின் பழைய வடிவம்) என்று எழுதியிருந்தாய். அவர்கள் கொப்பியில் எழுதிய கேள்விகளையும் இரண்டு பக்கம் வைத்திருந்தாய். அதில் முதல் கேள்வியைப் படித்த பிறகு படுக்க மனம் வரவில்லை. “24 நாளுக்குச் சம்பளம் சரியா வருது, 25 நாள் போட்டா நின்னுடுது, ஏன் சேர்?” கட்டளைகளை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன், நீ வகுப்பில் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும். திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை எழுதியிருந்த வரி இது: சம்பளம்& = நாள்% * கூலி%. எண்ணை வைக்கும் இடத்துக்கு நாம் இடும் பெயருக்குப் பின்னால் % போட்டால் அதற்குள் முழு எண் மட்டும்தான் நிற்கும், அதுவும் -32768 முதல் 32767 வரைதான். நாள் சம்பளம் 1350 என்று போட்டிருக்கிறாள். 24 நாளுக்கு 32,400, அது அடங்கும். 25 நாளுக்கு 33,750, அடங்காது. உடனே ‘ஓவர்ஃப்ளோ’ என்று பெட்டி வந்து நிற்கும். விடை பெரிதாக வரும் என்று தெரிந்துதான் சம்பளத்துக்கு & போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. அதற்குள் 2,147,483,647 வரை கொள்ளும். இருந்தும் நிற்பதற்குக் காரணம், பெருக்கல்தான் முதலில் நடக்கிறது, விடையைக் கொண்டுபோய் வைப்பது அதற்குப் பிறகு. இரண்டு பக்கமும் % இருந்தால் விடைக்கும் அதே சின்ன இடத்தைத்தான் ஒதுக்குகிறது. கூடையிலேயே கொள்ளாத கொழுந்தைச் சாக்கில் எப்படிக் கொட்டுவது? இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். கூலி% என்பதைக் கூலி& ஆக்கச் சொல். இரண்டில் ஒன்றுக்கு & இருந்தாலே போதும்.

ஆனால் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். கூலி%, கூலி&, ஒன்றும் போடாத கூலி, மூன்றும் கியூபேசிக்குக்கு வெவ்வேறு ஆட்கள். மேலே கூலி% = 1350 என்று விட்டுவிட்டுக் கீழே கூலி& என்று பெருக்கினால் சம்பளம் 0 என்று வரும். பெட்டி வராது, மணி அடிக்காது.

இதைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகப் பேச வேண்டும். ஓவர்ஃப்ளோ நல்ல பிழை மச்சான். எந்த வரி என்று காட்டிவிட்டு நிற்கிறது. நிற்காமல் ஓடிப் பிழையான விடையைத் தருகிறதே, அதில்தான் பிள்ளைகள் மனம் விட்டுப்போகிறார்கள். “எனக்கு இது ஏறாது சேர்” என்று எழும்பிப் போகிற பிள்ளையின் புரோகிராமைப் போய்ப் பார், பெரும்பாலும் அதில் ஒரு பெயர்தான் மாறிக் கிடக்கும்.

பெயரை முன்கூட்டிப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கியூபேசிக்கில் இல்லை. புதிதாக ஒரு பெயரைக் கண்டால் தானே ஒன்றைப் படைத்து உள்ளே 0 வைத்துவிடும். நம் பிள்ளைகளுக்கு இது இரட்டைக் கஷ்டம், தமிழ்ச் சொல்லை அல்லவா ஆங்கில எழுத்தில் பெயராக வைக்கிறார்கள். ‘கொழுந்து’ என்று ஆளுக்கு ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பார். ழகரத்துக்கு ஒருத்தி எல் போடுவாள், இன்னொருத்தி இசட் எச் போடுவாள். கடைசி எழுத்துக்கு ஒருவன் டி போடுவான், மற்றவன் டி எச் போடுவான். ஒரே பிள்ளைகூட மூன்றாம் வரியில் ஒருவிதமாகவும் பத்தாம் வரியில் வேறுவிதமாகவும் அடிக்கும். மூன்றாம் வரியில் கொழுந்து 21 கிலோ, பத்தாம் வரியில் கொழுந்து 0.

இதற்கு என் யோசனை, புரோகிராம் தொடங்கமுன் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிடு, எல்லோரும் அதைப் பார்த்தே அடிக்கட்டும். அடுத்தது, எடிட்டரே காட்டிக்கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. முதலில் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு, புதிய வரியில் அதே பெயரைச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டச் சொல். அதே பெயர்தான் என்றால் மேலே உள்ளவையும் கூடவே சின்ன எழுத்தாக மாறும். மாறாமல் நிற்பது வேறு பெயர், அங்கேதான் எழுத்துப் பிழை. கட்டளைச் சொற்களுக்கும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. சின்ன எழுத்தில் அடித்த ‘பிரிண்ட்’ வரி முடிந்ததும் பெரிய எழுத்தாகாவிட்டால் அதில் ஏதோ எழுத்து பிசகியிருக்கிறது.

இனி, உன் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ‘அரைப் பேர்’ புரோகிராம். அதைப் பார்த்துத்தான் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 18 கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பையன் எழுதியது: இஃப் கிலோ > 18 தென் முழுப் பேர், எல்ஸ் அரைப் பேர். 25 போட்டான், சரி. 10 போட்டான், சரி. ‘வேலை செய்கிறது’ என்று கீழே எழுதி நீயும் சரி போட்டிருக்கிறாய். இப்போது 18 போட்டுப் பார். சரியாக 18 கிலோ நிறுத்த ஆளுக்கு அரைப் பேர் விழும். மழையில் நின்று கணக்குக்குச் சரியாகக் கொண்டுவந்த ஒருத்தியின் அரை நாள் சம்பளம் ஒரு சமன் குறி இல்லாததால் போகிறது. மெஷின் ஒரு சத்தமும் போடாது. அங்கே > அல்ல, >= வேண்டும். எல்லை இருக்கும் இடத்திலெல்லாம் எல்லைக்குக் கீழே ஒன்று, எல்லை, மேலே ஒன்று, 17, 18, 19 என்று மூன்றையும் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் சரி போடாதே. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரின் அம்மா கொழுந்து பறிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். இது அவர்களுக்கு வெறும் பயிற்சிக் கணக்கல்ல.

தசமத்தையும் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். ஃபோர் எக்ஸ் = 0 டூ 1 ஸ்டெப் .1 என்று போட்டு எக்ஸை அச்சிடச் சொல். பதினொரு எண் வர வேண்டும். பத்துத்தான் வரும், முடிவில் .8000001, .9000001 என்று நிற்கும், 1 வராது. கொம்பியூட்டர் எண்ணை இரண்டின் அடுக்குகளில் வைக்கிறது, .1 அதில் முழுதாக அடங்காது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் .333 என்று முடியாமல் போகிறதே, அதே கதை. துளித் துளியாகச் சேர்ந்து கடைசியில் 1-ஐத் தாண்டிவிடுவதால் சுற்று முன்கூட்டியே முடிகிறது. 0 முதல் 10 வரை முழு எண்ணில் சுற்றி, உள்ளே 10-ஆல் வகுக்கச் சொல். பணத்தைச் சதத்திலும் நிறையைக் கிராமிலும் வைத்தால் தசமமே வேண்டாம், ஆனால் & போட்ட பெயரில் வை. இரண்டு பேரின் கொழுந்து 36,000 கிராம் என்றாலே % தாங்காது.

வாய் திறக்காத பிழைகளில் இன்னும் இரண்டு. எழுத்தாக வாங்கிய எண்ணை ‘வால்’ கொண்டு எண்ணாக்கும்போது 1,350 என்று நடுவில் கமா இருந்தால் விடை 1. கமாவோடு அது வாசிப்பதை நிறுத்திவிடும். மற்றது எல்லாவற்றிலும் கொடியது. நாளாந்தக் கணக்கை ஃபைலில் சேர்க்க ‘ஓப்பன் ஃபோர் அவுட்புட்’ என்று திறந்தால் நேற்று வரை எழுதியது முழுவதும் அழிந்து வெறும் ஃபைலாகும். சேர்ப்பதற்கு ‘ஃபோர் அப்பென்ட்’ என்றுதான் திறக்க வேண்டும். ஃபைல் பாடத்தை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே தொடங்கு.

வாய் திறந்தும் பிழையான இடத்தைக் காட்டுவது ஒன்று உண்டு, அது உன்னையே ஏமாற்றும். “நெக்ஸ்ட் வித்தவுட் ஃபோர் என்று வருது, ஆனா ஃபோர் இருக்கு சேர்” என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. ஃபோர் சுற்றைத் தொடங்கும், நெக்ஸ்ட் அதை மூடும். ஃபோர் இருக்கத்தான் செய்யும். உள்ளே திறந்த ஒரு இஃப்புக்கு ‘என்ட் இஃப்’ இல்லை என்று நினைக்கிறேன். மூடாத இஃப்புக்குள் நிற்கும்போது நெக்ஸ்ட் வந்தால் அதற்கு ஜோடி தெரியாமல் போய்விடுகிறது. தென்-னுக்குப் பிறகு அதே வரியில் வேலையை எழுதினால் என்ட் இஃப் வேண்டாம், அடுத்த வரிக்குப் போனால் கட்டாயம் வேண்டும். திறந்ததும் மூடியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நடுவை நிரப்பப் பழக்கு.

மற்றக் கேள்விகள் சின்னவை. தாயம் புரோகிராம் ஒவ்வொரு முறையும் ஒரே எண்களையே தருகிறது என்றால் மேலே ‘ரேண்டமைஸ் டைமர்’ இல்லை. 1 முதல் 6 வரை வர இன்ட்(ஆர்என்டி * 6) + 1. பன்னிரண்டு மாத மழைக் கணக்கு 11-ஆம் மாதத்தில் ‘சப்ஸ்கிரிப்ட் அவுட் ஒஃப் ரேஞ்ச்’ என்று நிற்பது வரிசைக்கு இடம் ஒதுக்கும் ‘டிம்’ போடாததால்தான், டிம் இல்லாத வரிசைக்கு 0 முதல் 10 வரைதான் இடம். டிம் மழை(1 டூ 12) என்று போடட்டும். பெயரோடு கமா போட்டுத் தலைப்பெழுத்தை அடித்தால் ‘ரீடூ ஃப்ரொம் ஸ்டார்ட்’ வரும், ஏனென்றால் ‘இன்புட்’ கமாவை அடுத்த விடையின் தொடக்கமாக எடுக்கிறது. அதற்கு ‘லைன் இன்புட்’. எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி வருவது பிழையல்ல, கழித்தல் குறிக்கு விட்ட இடம்.

விடை பிசகினால் புரோகிராமை வெறித்துப் பார்ப்பதில் பலனில்லை. எஃப்8 தட்டினால் ஒவ்வொரு வரியாக ஓடும். நடுவில் எஃப்6 தட்டினால் கீழே உள்ள ஜன்னலுக்குப் போகலாம், அங்கே கேள்விக்குறியும் பெயரும் அடித்தால் அந்த நேரத்தில் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும். கூடவே கொப்பியில் பெயருக்கு ஒரு கட்டம் கீறி, எண் மாறும்போதெல்லாம் வெட்டி எழுதச் சொல். எது எந்த வரியில் 0 ஆனது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நீ கைகாட்டாதே. உனக்குப் பொறுமை குறைவு, அந்தக் காலத்திலேயே கரம் போர்டில் மற்றவன் அடியையும் நீதான் அடிப்பாய்.

புதிதாக வந்த அந்த மடிக்கணினியில் கியூபேசிக் ஓடாததற்குக் காரணம் அது 64 பிட் விண்டோஸ், விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து 16 பிட் புரோகிராமை ஏற்காது. பழைய டொஸ் மெஷினைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் புரோகிராமைப் போட்டு, கியூபேசிக் இருக்கும் ஃபோல்டரை ‘மவுண்ட்’ கட்டளையால் சி டிரைவாக வைத்துத் திற. ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரு எச்சரிக்கை: ஒரு வரியில் நிறுத்தி வைக்க எஃப்9 தட்டப் போய்க் கண்ட்ரோலும் சேர்ந்து அமுங்கினால் டொஸ்பொக்ஸ் அப்படியே மூடிக்கொள்ளும், சேமிக்காதது போனதுதான். கரண்ட் போனாலும் அதே கதி, கியூபேசிக் தானாகச் சேமிக்காது. ஓட்டுவதற்கு முன் சேமிப்பதைக் கைப்பழக்கமாக்கு. பழைய மெஷின்களில் திகதி பின்னுக்குப் போய் நிற்கிறது என்றாயே, மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பற்றரி செத்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 தான், கழற்றி எண்ணைப் பார்த்துவிட்டு வாங்கு. அதை மாற்றாமல் திகதி போட்டுக் கணக்கு எழுதவேண்டாம்.

“இந்தக் காலத்தில் யார் பேசிக் படிக்கிறார்கள்” என்று யாரோ சொன்னதை எழுதி மனம் நொந்திருந்தாய். நோகாதே. 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் இதைச் செய்ததே விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கொம்பியூட்டரைத் தொட வேண்டும் என்றுதான். கியூபேசிக் 1991-ல் டொஸ் 5-உடன் வந்தது. இன்டர்நெட் வேண்டாம், பெரிய மெமரி வேண்டாம், அடித்தவுடன் ஓடும். நாலு பழைய மெஷினும் பதினொரு பிள்ளைகளும் உள்ள இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பெயர், எல்லை, சுற்று இந்த மூன்றும் கைவந்த பிள்ளை பிறகு எந்த மொழிக்கும் போகும்.

டொஸ்பொக்ஸையும் நாலைந்து மாதிரிப் புரோகிராம்களையும் பென்ட்ரைவில் போட்டு, வருகிற வெள்ளி பண்டாரவளைக்கு வரும் தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்.

அந்த 25 நாள் பிள்ளையிடம் & மாற்றிய பிறகு 26 நாள் போட்டுப் பார்க்கச் சொல். 35,100 வர வேண்டும். வந்தால் எனக்கு ஒரு வரி எழுது, அவளையே எழுதச் சொன்னால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
உன் மச்சான்