கிடை மேல் விழுந்த வெயில்

திருவையாறு
மாசி 22

அன்புள்ள மாப்ளே,

லண்டனிலிருந்து நீ அனுப்பிய பட அட்டை வந்து சேர்ந்தது. பெட்டியில் போட மனசு வராமல் சன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருக்கிறேன். நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் ஆல்பர்ட் கைப்பின் அந்த ஆற்றோரப் படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன் என்று எழுதியிருந்தாய். கிட்டத்தட்ட எட்டடி அகலமாமே, நிற்கத்தான் வேண்டும்.

கைப் பிறந்ததும் (1620) இறந்ததும் (1691) ஹாலந்தின் டோர்டிரெக்டில். அதுவும் நம்ம ஊர் மாதிரி ஆறுகள் கடலைச் சேர்கிற தட்டை நிலம். படத்தில் மட்டும் தூரத்தில் மலை! அந்தத் தேன் நிற வெயிலும் ரோமில் இருந்துவிட்டு வந்த யான் போத் என்ற ஓவியரின் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இரவல் வெயில்தானே என்று முதலில் எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. மாடுகளைப் பார்த்ததும் அது போய்விட்டது. மாட்டின் முதுகோரம் வெயில் வழிகிற இடம் இருக்கிறதே, அது எவரிடமும் வாங்கியதில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் நின்றவனுக்குத்தான் அது வரும்.

இங்கே சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. வயலில் ராமநாதபுரத்துக் கீதாரி, அதாவது மந்தைக்காரர், கிடை போட்டிருக்கிறார், 400 ஆடு. ராத்திரி முழுக்க விழுகிற புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காலேஜில் நாம் மரத்தடியில் புல்லாங்குழலோடு ஆட்டுக்காரனை வரைந்தோமே, நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இந்த மனுஷர் நரிக்கும் திருடனுக்கும் பயந்து ராத்திரியில் கண் மூடுவதே இல்லை.

சாயங்காலம் மந்தை திரும்புகிற நேரம் நோட்டோடு வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். குட்டிகளை மூடி வைத்த கூட்டைத் தூக்கியதும் அவை கத்திக்கொண்டு தாயைத் தேடி ஓடும். நேற்று ஒரு குட்டி எனக்கு நேர் எதிரே, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. காது மட்டும் செம்பருத்தி இதழாகச் சிவந்து, உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது. அறுபது வயதுக்கு மேல் இதை இப்போதுதான் பார்க்கிறேன், மாப்ளே! கைப்பின் படம் கைக்கு வராமல் இருந்திருந்தால் இதையும் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் நம்ம வெயில் தேன் நிறம் இல்லை. ஆடுகள் கிளப்புகிற புழுதியில் விழுந்து, பாலில் மஞ்சள் கலக்கினது போல வெளிறிக் கிடக்கிறது. மஞ்சள் காவி போட்டுப் போட்டு மூன்று தாள் வீணாயிற்று. நாலாவதில் வெயில் இடத்தைக் காகிதமாகவே விட்டு, நிழலுக்கு மட்டும் லேசாக ஊதா கொடுத்தேன். கொஞ்சம் பிடிபட்டது. கீதாரி வாங்கிப் பார்த்து, "கிடாக் கொம்பு இப்படியா திரும்பும்?" என்று விரலால் காற்றில் வளைத்துக் காட்டினார். திருத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிடை அடுத்த வயலுக்குப் போகிறது. அதற்குள் அந்தக் காது சரியாக வந்துவிட வேண்டும். நீ மறுபடி அந்தப் படத்தைப் பார்க்கப் போனால், மாட்டின் காதில் வெயிலை எப்படிப் போட்டிருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்த்து எழுது. அட்டையில் அது தெரியவில்லை.

உன் பழைய பெஞ்சுக்காரன்