வெல்ட் கீயை வரையும் தம்பி தங்கைகளுக்கு

அன்புத் தம்பிகளே, தங்கைகளே, வணக்கம்.

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் ஒரு நீர்வண்ண ஓவியம் பார்த்தேன். துறைமுகக் கரையோரச் சாலையான வெல்ட் கீ, அந்தக் காலத்தில் இருந்த மாதிரி. இடப்பக்கம் 1902இல் கட்டி முடித்த மணிக்கூண்டு, வலப்பக்கம் புகை மாதிரி அக்கரை பட்டர்வொர்த், கரையோரம் தொங்காங் என்ற சரக்குப் படகுகள். பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததாக இருக்கும். வரைந்தது உங்களில் ஒருவர் என்று கடைக்காரர் சொன்னதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நீர்வண்ண ஓவியர்கள் யோங் முன் செனும் அப்துல்லா அரிஃப்பும் தூரிகை பிடித்த ஊரில் நம் பிள்ளையும் வரைகிறது!

கிட்டே போய்ப் பார்த்தேன். படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் மூன்று பழுப்புப் புள்ளிகள். மூட்டை தூக்குகிறவர்கள். முகமும் இல்லை, காலும் இல்லை. மணிக்கூண்டில் ஒவ்வொரு ஜன்னலும் இருக்கிறது.

அந்தப் பலகையில் நடந்தவர் என் அப்பா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்காங்கில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கிடங்குவரை தோள்தான். நனைந்த பலகையில் மூட்டையோடு நடக்கும்போது கட்டைவிரலை அழுத்தி ஊன்ற வேண்டும் என்பார். கடைசிவரை வீட்டுத் தரையிலும் அப்படித்தான் நடந்தார்.

நீங்கள் ஏன் அவர்களை வரையவில்லை என்று யோசித்தேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே வரைவீர்கள். சீனக் குடும்பங்கள் வாழும் சியூ ஜெட்டிக்குப் போனால் தண்ணீர்மேல் வீடுகள் இருக்கின்றன, வாசலில் குலப்பெயர் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அவற்றைத் தேடி ஊரே வருகிறது. வரட்டும், அவர்களுடையதும் கடல் உழைப்புதான். நம்மவர்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்துப் படுத்தவர்கள். 1969இல் சுங்கவரி இல்லாத் துறைமுகம் என்ற உரிமை போனது. அப்புறம் கண்டெய்னர் வந்தது, வேலை அக்கரைக்குப் போனது. ஆட்களும் கலைந்துவிட்டார்கள். கரையில் அவர்கள் பேரைச் சொல்ல ஒரு கதவுகூட இல்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த படத்தில் ஒரே ஒருவரையாவது அருகில் கொண்டுவாருங்கள். காலையில் வெயில் பட்டர்வொர்த் பக்கமிருந்துதானே அடிக்கும். கடலிலிருந்து கரைக்கு ஏறி வருகிறவருக்கு முதுகில் வெளிச்சம், முகத்தில் நிழல். தண்ணீரின் மினுக்கத்துக்குத் தாளை வெள்ளையாக விடுகிறீர்களே, அதே மாதிரி அவர் தோளின் வேர்வைக்கும் ஒரு கீற்று விடுங்கள். பிடரியில் மடித்துப் போட்ட சாக்கை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும்.

பார்த்து வரைய ஒன்றும் இல்லையே என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் மூட்டைக் கொக்கி என்னிடம் இருக்கிறது. மரப்பிடியில் நான்கு விரல் பதிந்த பள்ளம் அப்படியே தெரியும். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டடிக்கு வருகிறேன். கையில் பிடித்துப் பாருங்கள். வெயில் ஏறும்வரை வரையலாம், பசியாறுவது என் செலவு.

அன்புடன்,
துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன்