அறிவுச் சுற்று எதை அளக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓணத்தையொட்டியும் ஆண்டு விழாக்களிலும் குமரி மாவட்டக் கல்லூரிகளில் ராம்ப் வாக்கும் கேள்வி-பதிலும் சேர்ந்த போட்டிகள் நடக்கின்றன. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடை விழாக்களில்கூட இப்போது இதே பாணிதான். எல்லாமே டி.வி. ரியாலிட்டி ஷோக்களைப் பார்த்து அச்செடுத்தவை. "தோற்றத்துக்குப் பாதி, அறிவுக்குப் பாதி" என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். அந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் எதையும் அளப்பதில்லை. மேடையில் ஏறும் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம். ஏன் அளப்பதில்லை, அளக்க வேண்டுமானால் என்ன செய்யலாம் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

மாடல்களை வைத்து நடக்கும் டி.வி. போட்டி பெரிதாகப் பிடித்துக்கொண்டது 2003-ல், அமெரிக்காவில் டைரா பேங்க்ஸ் தொடங்கிய 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' மூலம். அதன் இந்திய வடிவத்தை 2015-ல் எம்.டி.வி. ஒளிபரப்பியது. அழகோடு அறிவையும் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு 2007-ல் வி.எச்.1 சேனலில் வந்த போட்டியின் பெயர் 'அமெரிக்காஸ் மோஸ்ட் ஸ்மார்ட்டஸ்ட் மாடல்'. பரிசு 1,00,000 டாலர். 'ஸ்மார்ட்டஸ்ட்' என்றாலே போதும். அதற்கு முன்னால் 'மோஸ்ட்' போடக் கூடாது என்பது பள்ளிக்கூட இலக்கணம். அந்தப் பிழையைத் தெரிந்தே தலைப்பில் வைத்தார்கள். மாடல் என்றால் மண்டையில் ஒன்றும் இருக்காது என்று முதல் எபிசோடுக்கு முன்பே பார்ப்பவர் மனதில் எழுதிவிட்டார்கள். அறிவைச் சோதிக்கிறோம் என்று சொல்லும் ஷோக்களில் எடிட்டர்கள் தேடுவது சரியான பதிலை அல்ல, சிரிக்கவைக்கும் தவறைத்தான். ஒருவர் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி ஒன்பது சரியாக இருந்தாலும் புரோமோவில் வருவது அந்தப் பத்தாவது.

இதைச் செய்வது எளிது. யோசிக்க எடுத்துக்கொண்ட 4 விநாடியில் கண் சிமிட்டும் காட்சியை மட்டும் இழுத்து வைத்தால் போதும், திருதிருவென விழிப்பதுபோல் ஆகிவிடும். வேறு நேரத்தில் எடுத்த சக போட்டியாளரின் சிரிப்பைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். தனிப்பேட்டியில் சொன்ன இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒன்றாக்குவதும் உண்டு. பேசுகிறவரின் முகம் திடீரென்று மறைந்து, குரல் மட்டும் வேறொருவர் முகத்தின் மேல் ஓடினால் அங்கே ஒட்டு இருக்கலாம். சொல்லுக்குச் சொல் குரலின் ஏற்ற இறக்கம் மாறுவது இன்னொரு அடையாளம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் இதை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கலாம்.

கேமரா இல்லாத கல்லூரி மேடையில் எடிட்டிங் கிடையாது. ஆனால் டி.வி.யிலிருந்து வந்த மற்ற கோளாறுகள் அப்படியே இருக்கின்றன. முதல் கோளாறு, ஆளுக்கொரு கேள்வி. 1994 மிஸ் இந்தியா போட்டியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சமநிலையில் நின்றபோது, ஒருவரிடம் நம் நாட்டின் துணி மரபைப் பற்றிக் கேட்டார்கள். இன்னொருவரிடம் இரண்டு வெளிநாட்டு டி.வி. தொடர்களின் நாயகர்களைச் சொல்லி, கணவராக வருபவரிடம் யாருடைய குணம் வேண்டும் என்று கேட்டார்கள். இந்த இரண்டு பதில்களையும் எந்தத் தராசில் நிறுத்துவது? இருவரும் அதே ஆண்டில் உலகப் பட்டங்கள் வென்றார்கள், அது வேறு விஷயம். சீட்டு எடுத்துக் கேள்வி கேட்கும் கல்லூரிப் போட்டிகளில் இதே பிழை இன்றும் நடக்கிறது.

இரண்டாவது, கேள்விகளின் எண்ணிக்கை. உண்மையில் நூற்றுக்கு 60 பெறும் தரமுள்ள ஒருவரிடம் பத்துக் கேள்வி கேட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அவர் 4-க்குள் நின்றுவிடுவார் அல்லது 8-ஐத் தொடுவார். கேள்வி எப்படி அமைந்தது என்ற அதிர்ஷ்டம் மட்டுமே அதற்குக் காரணம். அதே ஆளிடம் 40 கேள்வி கேட்டால் அந்த அளவுக்கு விலகல் நூற்றில் ஒன்றிரண்டு முறைதான் வரும். மேடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டு அறிவாளியைக் கண்டுபிடித்தேன் என்பது நாணயம் சுண்டுவதற்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மூன்றாவது, முகம் பார்த்து அறிவுக்கு மார்க் போடுவது. ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் ஆராய்ந்தார். உடல்தோற்றத்துக்கு நல்ல மார்க் வாங்கியவருக்கே அறிவுக்கும் தலைமைக்கும் குணத்துக்கும் நல்ல மார்க் விழுந்திருந்தது. தனித்தனியாக மதிப்பிடுவதாகத்தான் அந்த அதிகாரிகள் நினைத்திருந்தார்கள். நடந்து வருவதைப் பார்த்து ரசித்த அதே நடுவர், அடுத்த நிமிடமே அவர் பதிலுக்கும் மார்க் போட்டால் அழகை இரண்டு தடவை எண்ணுகிறார் என்று பொருள்.

ஆகவே அறிவுச் சுற்றை எழுத்துத் தேர்வாக, காலையிலேயே, மேக்கப் போடும் முன் நடத்துங்கள். மாலையில் 4 அங்குல ஹீல்ஸில், வயிறு உப்பக் கூடாதென்று மதியச் சாப்பாட்டை விட்டு, கண்ணில் லைட் அடிக்க நிற்கிறவரிடம் எந்த அறிவையும் அளக்க முடியாது. காலை உணவு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து 40 கேள்வி, 45 நிமிடம். விடைத்தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். ராம்ப் நடுவர்கள் திருத்தக் கூடாது. வேறு இரண்டு பேர் தனித்தனியே திருத்தட்டும். வினாத்தாளைப் போட்டியில் இல்லாத 20 மாணவர்களிடம் ஒரு வாரம் முன்பே கொடுத்துப் பாருங்கள். 18 பேருக்கு மேல் சரியாகச் சொன்ன கேள்வியும், 3 பேர்கூடச் சொல்லாத கேள்வியும் ஆளைப் பிரித்துக் காட்டாது, எடுத்துவிடலாம். அந்த 20 பேரிடமிருந்து கேள்வி வெளியே கசியாமல் இருக்க, அவர்களை வேறு கல்லூரியிலிருந்து அழைப்பது நல்லது.

மொழியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வினாத்தாளை ஆங்கிலத்தில் எழுதி, மேடையில் ஆங்கர் அவசரமாகத் தமிழாக்குவது கூடவே கூடாது. தமிழிலேயே எழுதுங்கள். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் மலையாளத்தில் படித்தவர்கள் இருப்பார்கள்; அவர்களுக்கு அந்த மொழியிலும் தாள் வேண்டும். நம் ஊர்ச் சொல்லுக்கு மார்க் குறைக்காதீர்கள். மரவள்ளிக்கு மரச்சீனி என்றும், பலாப்பழத்துக்குச் சக்கை என்றும், முந்திரிப்பருப்புக்கு அண்டிப்பருப்பு என்றும் சொல்பவர் சரியான விடையைத்தான் சொல்கிறார். சென்னை ஸ்டூடியோவில் இந்தச் சொல்லுக்குச் சிரிப்பு எழுந்தால், அந்தச் சொல்லைச் சொன்னவரிடம் குறை இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம், இந்த மாவட்டத்துக்கு.

எதைக் கேட்பது என்பதுதான் மிக முக்கியம். தலைநகரம், நாணயம், விருது என்று பொது அறிவை மட்டும் கேட்டால் மனப்பாடம்தான் தெரியும். மாடல் தொழிலுக்கு வேண்டிய அறிவைக் கேளுங்கள். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, 15 நிமிடத்தில் தனக்குப் பாதகமான மூன்று நிபந்தனைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: படத்தை எல்லா ஊடகத்திலும் எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி, ஓராண்டு வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற வரி, பணம் எப்போது தருவோம் என்று தேதி போடாத வரி. ஒரு நாள் ஊதியம் 15,000 ரூபாய், ஏஜென்சிக்கு 20 சதவீதம், மீதியில் வரிப் பிடித்தம் 10 சதவீதம் என்றால் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 10,800 என்று சொல்லத் தெரிந்தவரைச் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வடசேரியில் செய்யும் அந்த நகையின் சிவப்புக் கல் படத்தில் மின்ன வேண்டுமானால் விளக்கு எந்தப் பக்கம், கழுத்து எந்தக் கோணம், எந்த நிறப் பட்டு என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அழகும் அறிவும் ஒன்றாக வேலை செய்யும் இடம் இது. இப்படி ஒரு கேள்வி இருந்தால் போட்டியாளர்கள் அதற்காகப் படித்துவிட்டும் வருவார்கள்.

மார்க்கைக் கூட்டும் இடத்தில்தான் நல்ல போட்டிகளும் சறுக்குகின்றன. தோற்றத்துக்கு நடுவர்கள் வழக்கமாக 7-லிருந்து 8.5-க்குள் போடுவார்கள், யாரையும் நோகடிக்க மனம் வராது. எழுத்துத் தேர்வில் 2-ம் விழும் 9-ம் விழும். இரண்டையும் அப்படியே கூட்டினால் அகலமாகப் பரவிய மார்க்தான் வெற்றியாளரை முடிவு செய்யும். பாதிக்குப் பாதி என்பது தாளில் மட்டும் இருக்கும். கேள்வி மிக எளிதாக இருந்து எல்லோரும் 9 வாங்கினால் தலைகீழாக நடக்கும். இதற்கு மருந்து பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் திட்ட விலக்கம், அதாவது மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்று காட்டும் எண். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரின் மார்க்கிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். தோற்றத்தில் சராசரி 7.8, திட்ட விலக்கம் 0.4 என்றால் 8.6 வாங்கியவருக்கு +2. எழுத்தில் சராசரி 5.5, திட்ட விலக்கம் 2 என்றால் 7.5 வாங்கியவருக்கு +1. இந்த எண்களைக் கூட்டினால்தான் உண்மையில் பாதிக்குப் பாதி. எக்செல் தெரிந்த மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்.

மைக் பிடித்துப் பதில் சொல்லும் சுற்று வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்வையாளர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, யோசிக்க 30 விநாடி, பேச ஒரு நிமிடம். முறை வராதவர்கள் கேட்காதபடி வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நிறுத்தினால் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும். இதற்குப் பேச்சுத் திறன் என்று பெயர் வைத்துத் தனி மார்க் கொடுங்கள், அறிவு என்று சொல்லாதீர்கள்.

வேண்டியவருக்குக் கேள்வியை முன்கூட்டியே கொடுப்பது பழைய நோய். அமெரிக்காவில் 1950-களின் வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை ஒரு தரப்புக்கு ரகசியமாகக் கொடுத்தது அம்பலமாகி, நாடாளுமன்றக் குழு விசாரித்து, 1960-ல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. நம் ஊரில் செய்யக்கூடியது: வினாத்தாள் கட்டை எல்லாப் போட்டியாளர்கள் முன்னிலையிலும் உடைப்பது.

டி.வி.யில் ஒரு பெண்ணை அவர் உடலை வைத்து இழிவுபடுத்தினால், அது கேபிள் டி.வி. நிகழ்ச்சி விதிகளுக்கு விரோதம். சேனல் பெயர், நாள், மணி, எபிசோட் எண் குறித்துச் சேனலுக்கே முதலில் புகார் எழுதலாம். 2021 திருத்த விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த அமைப்பு முடிவு சொல்ல 60 நாள் அவகாசம். பொத்தாம்பொதுவாக எழுதும் புகார் நிற்காது, நாளும் மணியும் குறித்தது நிற்கும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்றவர் கிரீடத்தோடு நிற்கும் படத்தை மாவட்டப் பக்கத்தில் வெளியிடும்போது, அறிவுச் சுற்றில் எத்தனை கேள்வி, யார் திருத்தினார்கள், மார்க்கை எப்படிக் கூட்டினார்கள் என்று போட்டி நடத்தியவர்களிடம் கேட்டு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மேடைப் போட்டிகளுக்கு வினாத்தாள் எழுதி மதிப்பெண் போடும் சிலர்,
நாகர்கோவில்.