கார்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பாலக்காடு-பொள்ளாச்சி எல்லைப் பகுதி சிம் ரேசிங் போட்டியை (கம்ப்யூட்டர் கேமில் ஸ்டீயரிங் வைத்து ஓட்டும் கார்ப் பந்தயம்) நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன தகுதிச் சுற்றின் முடிவை நீங்களேதான் பலகையில் ஒட்டினீர்கள். உங்கள் கார் மதிப்பீட்டுத் தாளில் பத்துக்கு 3 வாங்கிய டொயோட்டா எம்ஆர்2 முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. ‘புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், சுழலவே சுழலாது’ என்று எழுதி 9 போட்ட ஹோண்டா சிவிக் டைப் ஆர் பட்டியலின் அடியில் வரிசையாக நின்றது. அதைப் பார்த்த பிறகும் போட்டியின் அடுத்த கட்டத்துக்கு அதே தாள் வந்திருக்கிறது. தேதி மட்டும் புதிது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கார்களைப் பந்தய நிலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். எந்த நிலையில் ஓட்டினீர்கள் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்.

‘மதிப்பெண் என்பது அவரவர் ரசனை’ என்று சொல்லிவிடாதீர்கள். வெறும் ரசனையாக இருந்தால் நாங்கள் மடல் எழுத மாட்டோம். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் 8-க்கு மேல் வாங்கிய காருக்கு 30 கிலோ எடை ஏற்றுகிறீர்கள், 4-க்குக் கீழ் வாங்கிய காருக்குக் கூடுதல் பவர் கொடுக்கிறீர்கள். பதிவு செய்யும்போது சொன்ன காரைப் பிறகு மாற்றவும் முடியாது. ஆக, விவரம் தெரிந்தவர்கள் எம்ஆர்2-வை எடுத்து, நீங்கள் இனாமாகக் கொடுத்த பவரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாளை நம்பியவர்களுக்கு மிச்சமானது சிவிக்கும் அதன் மேல் 30 கிலோவும்.

அந்த சிவிக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1997-ல் வந்த ஈகே9 மாடல். 1.6 லிட்டர் இன்ஜின், 185 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அந்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன் டயர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காரை இழுப்பதும் அவைதான், திருப்புவதும் அவைதான், பிரேக்கில் பெரும்பங்கும் அவற்றின் தலையில்தான். பின் டயர்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. வேலை இல்லாததால் சீக்கிரம் சூடாவதும் இல்லை.

இதன் விளைவு பந்தயத்தின் முதல் இரண்டு சுற்றிலேயே தெரியும். முன் டயர் சூடாகிப் பிடிக்கத் தொடங்கியிருக்கும், பின் டயர் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், வால் சுற்றிக்கொண்டு வரும். ‘சுழலவே சுழலாது’ என்ற காரில் முதல் சுற்றிலேயே அத்தனை பேர் சுழன்றது இதனால்தான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது பிரேக் அல்ல. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன் சக்கரம் காரை இழுத்து நேராக்கிவிடும். இந்த ஒரு வரி தாளில் இருந்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை சிவிக் தேன். உங்கள் தாளை எழுதியவர் சொன்னதெல்லாம் அந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். அதற்குப் பிறகுதான் கதை மாறுகிறது. பந்தயம் ஓடுகிற ஜப்பானின் சுக்குபா ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ட்ராக், வலஞ்சுழியாக ஓடுவது. கடைசி வளைவு நீண்ட வலப்பக்க வளைவு. அங்கே இடது முன் டயர் நீண்ட நேரம் அழுந்திக் கிடக்கும். அதில் பாதி தாண்டியதும் வெளியேற ஆக்ஸிலரேட்டரும் கொடுக்க வேண்டும். திருப்புகிற டயரே இழுக்கவும் வேண்டும் என்றால் சூடு ஏறத்தான் செய்யும். எட்டாம் சுற்றுக்கு மேல் கார் வெளிப்பக்கமாக விலகிப் போகத் தொடங்கும். புதியவர் என்ன செய்வார்? ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார். டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் இடையில் உள்ள சறுக்குக் கோணம் ஒரு சில டிகிரியாக இருக்கும்போதுதான் டயர் அதிகமாகப் பிடிக்கும். அதைத் தாண்டித் திருப்பினால் தேய்வதும் சூடாவதும்தான் நடக்கும், திரும்பாது. திரும்பவில்லையே என்று மேலும் திருப்ப, மேலும் சூடு. பன்னிரண்டாம் சுற்றில் இடது முன் டயர் திரையில் செக்கச்செவேல் என்று நிற்கும். இன்னும் எட்டுச் சுற்று பாக்கி.

இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்துங்கள், டயர் மறுபடி பிடிக்கும். நாலைந்து மீட்டர் முன்னதாக பிரேக் போட்டு, கார் திரும்பி முடித்த பிறகே ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். செட்டப்பில் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக்கின் பங்கீடு) இரண்டு சதவீதம் பின்னுக்குத் தள்ளலாம், பின் ஆன்ட்டி ரோல் பாரை (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு படி இறுக்கலாம். ஆனால் இந்த இரண்டும் முதல் இரண்டு சுற்றில் வாலை இன்னும் அவிழ்த்துவிடும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் ஒரு மதிப்பீடு சொல்ல வேண்டிய விஷயம். உங்கள் தாளின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? ‘மூன்று சுற்றுகள். டயர் தேய்மானம்: இல்லை.’

இருபது சுற்றுப் பந்தயத்துக்கு, ஐயா.

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளில் வீட்டில் ஸ்டீயரிங் செட் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், காசு கட்டி, கேமிங் சென்டரில். அந்த ஒரு மணி நேரத்தில் சீட்டை நகர்த்தி, பெடலைச் சரிசெய்து, முந்தைய ஆள் மாற்றிவைத்த கன்ட்ரோல்களைத் திரும்ப அமைக்கவே பத்து நிமிடம் போய்விடும். இருபது சுற்று முழுசாக ஓட்ட 25 நிமிடம் ஆகும். ஒரு சுழல், ஒரு மறுதொடக்கம் என்றால் அந்த வாரம் ஒரே ஒரு காரைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். பட்டியலில் ஒன்பது கார். ஒன்பது வாரம் யாருக்குக் காத்திருக்கும்? அதனால்தான் உங்கள் தாளை நம்புகிறார்கள். ஒரே காரைத் தேர்ந்து, அதில் பூட்டப்பட்டு, பஸ் ஏறி வந்து, பன்னிரண்டாம் சுற்றில் டயர் செத்து நிற்கிறார்கள். ‘பசங்களுக்குப் பொறுமை இல்லை’ என்று மைக்கில் சொன்னது யார் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை.

எம்ஆர்2-க்கு வருவோம். ‘ஓட்டவே லாயக்கில்லை’ என்று எழுதியவர் ஸ்டீயரிங் இல்லாமல், கையில் பிடிக்கும் கேம்பேடில் ஓட்டியிருக்கிறார் என்பது எங்களுக்குத் தாளைப் பார்த்ததுமே தெரிந்தது. இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடை நடுவில் குவிந்திருப்பதால் கார் சட்டென்று திரும்பும். விட்டுப்போனாலும் அதே வேகத்தில்தான் விட்டுப்போகும். 1989-ல் வந்த எஸ்டபிள்யூ20 மாடலின் முதல் வடிவம் இதற்குப் பேர்போனது. டொயோட்டாவே பின்னாளில் அதன் பின் சஸ்பென்ஷனைத் திருத்தியது. கேம்பேடில் குச்சியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கேம் அந்த வேகத்தை மட்டுப்படுத்தியே சக்கரத்தைத் திருப்புகிறது. வால் வெளியே வந்த பிறகு எதிர்த் திருப்பம் போட அந்த வேகம் போதாது. ஸ்டீயரிங்கில் அந்தத் தடை இல்லை. போட்டியோ ஸ்டீயரிங்கில். கேம்பேடில் 3, ஸ்டீயரிங்கில் 8. இதுதான் உங்கள் முதல் மூன்று இடம்.

அந்தக் காரில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: வளைவுக்குள் காலைத் திடுமென்று எடுப்பது. நேர்கோட்டில் பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவின் நடுவில் 15, 20 சதவீதம் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே போனால் பின்பக்கம் ஊன்றி நிற்கும். இது கேமுக்கு மட்டும் உள்ள சூத்திரம் அல்ல. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து விடியற்காலையில் கள் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி ஓட்டுநரிடம் கேளுங்கள். உள்ளே தளும்புகிற சரக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துதான் அவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறார். வளைவுக்குள் காலைப் பதறவிடுவதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் பஸ்காரருக்கும் இது பாடம்தான்.

போர்ஷே 911-க்கு வேறு குழப்பம். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். ஆனால் பெட்ரோல் டேங்க் முன்னால். 60 லிட்டர் என்பது ஏறக்குறைய 45 கிலோ. முழு டேங்க்கில் மூக்கு ஊன்றி நிற்கும், வளைவுக்குள் மரியாதையாக நுழையும். நீங்கள் முழு டேங்க்கோடு, எரிபொருள் குறையும் வசதியையும் அணைத்துவிட்டுச் சோதித்திருக்கிறீர்கள். பந்தயத்தில் யாரும் அவ்வளவு நிரப்பப்போவதில்லை. 20 லிட்டரோடு கிளம்பினால் முதல் வளைவிலேயே அது வேறு கார். மூக்கு லேசாக இருக்கும். பிரேக்கைக் கடைசி வரை கொஞ்சம் பிடித்துக்கொண்டே திருப்பினால்தான் உள்ளே வரும்.

லேன்சர் எவோவுக்கு 9.5. சக்கரம் வழுக்காமல் தானே பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கண்ட்ரோலைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் எருமை மாட்டுக்கும் 9.5 போடலாம். விதிப்படி போட்டியில் அது கிடையாது. மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குப் போட்ட 6 மட்டும் சரி. அதிலும் ‘பவர் கம்மி’ என்று குறை சொல்லாமல், தப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிற கார் அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கலாம். புதியவர்களுக்கு நாங்கள் கைகாட்டுவது அதைத்தான்.

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். நீங்கள் கொம்புக்குப் பூசிய பெயிண்டைப் பார்த்து விலை சொல்லியிருக்கிறீர்கள்.

சரி, எப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும்? எல்லாக் காருக்கும் ஒரே ட்ராக், ஒரே வெப்பநிலை, ஒரே வகை டயர். தேய்மானமும் எரிபொருள் செலவும் பந்தயத்தில் உள்ளபடியே. டிராக்ஷன் கண்ட்ரோல், காரைச் சுழலாமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஏபிஎஸ் அசல் காரில் இருந்தால் மட்டும். போட்டியில் வைக்கிற அதே ஸ்டீயரிங், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 900 டிகிரி திரும்பும்படி. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை (ஸ்டீயரிங் கைக்குத் தருகிற எதிர்விசை) கூட்டிக்கொண்டே போகாதீர்கள். உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எல்லாம் ஒரே கனமாகத்தான் கைக்குத் தெரியும், முன் டயர் விடுகிற அந்த நொடி தெரியாது. உங்கள் சென்டரில் அது இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஒரு காருக்கு இருபது சுற்றும் ஓட்டுங்கள். சிறந்த நேரத்தை மட்டும் எழுதாமல், கடைசி ஐந்து சுற்றின் சராசரியையும் எழுதுங்கள். பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று இரண்டு பேர் ஓட்டட்டும். இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் ‘புதியவர்களுக்கு ஏற்றதா’ என்ற கேள்விக்குப் பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தாள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வந்திருக்கிறது. தமிழ் ‘உடனே வரும்’ என்றீர்கள். மலையாள போர்டு பார்த்து பஸ் ஏறிப் பழகியவர்கள்தான் நாங்கள், அது பெரிய கஷ்டம் இல்லை. பாலக்காட்டுக்குப் போனால் பாண்டி, பொள்ளாச்சிக்குப் போனால் மலையாளத்தான் என்று இரண்டு பக்கமும் பட்டம் வாங்கினவர்களுக்கு ஒரு கார் தாள் தமிழில் வராதது பெரிய அவமானமும் இல்லை. ஆனால் நுழைவுக் கட்டணத்துக்கான அறிவிப்பு மட்டும் மூன்று மொழியிலும் சுத்தமாக, ஒரு பிழையில்லாமல் வந்திருந்ததே, அதை எழுதிக் கொடுத்தவரையே இதற்கும் கேட்டுப் பார்க்கலாம்.

கோபத்தில் ஓரிரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு போட்டியை நடத்த வேறு யாரும் முன்வரவில்லை, அது எங்களுக்குத் தெரியும். பதிவு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஒன்பது கார், காருக்கு இரண்டு பேர், ஆளுக்கு 25 நிமிடம். எல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம், காசு வேண்டாம். தயவுசெய்து கார்களைப் பந்தய நிலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள், ஓட்டிய நிலையைத் தாளில் எழுதுங்கள். அதுவரை எடை ஏற்றுவதையும் பவர் கொடுப்பதையும் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஒரு முறை கார் மாற்ற அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வட்டார ஓட்டுநர்கள்

பின்குறிப்பு: இரண்டாம் நம்பர் மேசையில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். பிரேக்கை அழுத்தினால் கார் நிற்பதற்குள் நாற்காலி பின்னால் ஓடிவிடுகிறது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, பின்னங்காலைச் சுவரோடு ஒட்டி வைத்தால் போதும்.