பாம் பாம் பாடியவரின் கணக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நீயே உன் கையால் எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதை உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் மூட்டுவலியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முழுவதும் அதுவே ஆகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். உன் பேத்தி கல்லூரி விழா நடனத்துக்காக வீட்டில் ஒத்திகை பார்க்கும் பாட்டில் "பாம் பாம்" என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்ப வருகிறதே, அது யார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருந்தாய். அந்தக் குரலுக்கு உரியவரும் நம்மைப்போல வங்கியில் கணக்கெழுதியவர்தான். அதனாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

அவர் பெயர் சிஸ்டர் நான்சி. பெற்றோர் வைத்த பெயர் ஆஃப்லின் ரஸ்ஸல். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1962 ஜனவரி 2 அன்று பிறந்தார். அந்தத் தீவு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டில் என்பதால், நாட்டைவிட ஏழு மாதம் மூத்தவர் என்று சொல்லலாம். பதினைந்து பிள்ளைகள் உள்ள வீடு, தந்தை பாதிரியார். அந்த வீட்டுப் பெண் இரவில் நடனக் கொட்டகைக்குப் போவதென்றால் என்னவென்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் ஒருவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தார். பிரிகேடியர் ஜெர்ரி என்ற பெயரில் அவர் ஜமைக்கா முழுவதும் அறியப்பட்ட கலைஞர் ஆனார். தங்கையும் பதினைந்து வயதுவாக்கில் அவருக்குப் பின்னால் போய் மைக்கைப் பிடித்துவிட்டார்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுத்தான் மேலே போக முடியும். நம் ஊரில் டீஜே என்றால் இசைத்தட்டைப் போட்டு ஆளை ஆடவைப்பவர். ஜமைக்காவில் தட்டைத் தேர்ந்து சுழல விடுபவருக்கு செலக்டர் என்று பெயர். அந்த இசையின் மேல் மைக்கைப் பிடித்துப் பாட்டும் பேச்சுமாக, எதுகையோடு, அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லுகிறவரே டீஜே. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் அதே பாட்டின் இசை மட்டும், குரல் நீக்கப்பட்டு இருக்கும். அந்த மறுபக்கத்தைச் சுழலவிட்டால், ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிவைத்த மரப்பெட்டி ஒலிபெருக்கிகளிலிருந்து பேஸ் என்ற அடித்தள ஒலி கிளம்பி நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும்போது, மைக்கைப் பிடித்தவர் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிற காரியம் அல்ல. கூட்டத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு முழுவதற்கும் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். உன் அப்பா திருவிழாக்களுக்கு ரேடியோ செட் கட்டப்போவாரே, அந்தத் தொழிலே வளர்ந்து ஒரு நாட்டின் இசையாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்.

நான்சிக்கு முன்னும் பெண்கள் இருந்தார்கள். 1964இல் மில்லி ஸ்மால் பாடிய, ஸ்கா என்ற ஜமைக்க இசைவகைப் பாட்டு ஒன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம்வரை ஏறியது. மார்சியா கிரிஃபித்ஸ் தனியாகவும், பின்னர் புகழ்பெற்ற ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் பின்பாட்டுக்காரர்கள் மூவரில் ஒருவராகவும் பல ஆண்டுகள் பாடினார். ஆல்தியா, டோனா என்ற இரண்டு இளம்பெண்கள் டீஜே பாணியிலேயே பாடிய ஒரு தட்டு 1978இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. ஆனால் அவையெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நடந்தவை. நள்ளிரவுக்கு மேல், குடித்துக் கும்மாளமிடும் கூட்டத்துக்கு நடுவே, ஆண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்கும் மைக்கை வாங்கிப் பேசுவதற்கு ஒரு பெண் முன்வந்ததில்லை. பெண்கள் அங்கே ஆடுவார்கள், மைக் ஆண்களுடையது. அதை முதலில் மாற்றியவர் நான்சி என்பதால்தான் இந்த நடனக் கொட்டகை இசையின், அதாவது டான்ஸ்ஹாலின், முதல் பெண் டீஜே என்று அவரைச் சொல்கிறார்கள்.

அந்த மேடைகளில் அப்போது செல்வாக்கோடு இருந்தது ஆபாசம். அதற்கு ஸ்லாக்னஸ் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். அதில் பெயர்பெற்றவரான ஜெனரல் எக்கோ என்ற கலைஞரே நான்சியைத் தம் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடிக்க அனுமதித்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாதிரியார் மகள் அவரோடு ஒரே மேடையில் நின்றும், அந்த வழிக்குப் போகாமல் தன் பேச்சைத் தனியாக வைத்துக்கொண்டார். எக்கோ 1980 நவம்பரில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜமைக்காவில் தேர்தல் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்ட ஆண்டு. அதே 1980இல்தான் நான்சியின் முதல் தட்டான 'பாப்பா டீன்' வெளிவந்தது. தயாரித்தவர் வின்ஸ்டன் ரைலி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள். கணக்கில் மறுபடியும் வருவார்.

1982இல் ரைலியின் டெக்னிக்ஸ் நிறுவனம் நான்சியின் முதல் ஆல்பமான 'ஒன் டூ' வை வெளியிட்டது. அந்த ஆல்பத்துக்குக் கடைசியாகப் பதிவு செய்யப்பட்ட பாட்டு 'பாம் பாம்'. எண்ணிக்கைக்கு இன்னும் ஒன்று குறைகிறது என்ற நிலையில், அங்கேயே அப்போதே அமைந்த பாட்டு அது என்று நான்சி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு நல்ல பாயசம் கிடைப்பதுபோல, அவருடைய வாழ்க்கைப் பாட்டு இடம் நிரப்ப வந்த பாட்டாகவே அமைந்துவிட்டது.

அந்தப் பாட்டை நான் பலமுறை, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு பேரேட்டைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டிருக்கிறேன். அதில் மூன்று பேருடைய சரக்கு இருக்கிறது. அடியில் ஓடும் இசை 'ஸ்டாலக்' என்ற ரிடிம். ரிடிம் என்பது பேஸும் தாளமும் சேர்ந்த ஒரு அடித்தளம். ஒருமுறை உருவான ரிடிமின் மேல் யார் வேண்டுமானாலும் புதுப் பாட்டுக் கட்டலாம் என்பது அங்கே வழக்கம். இந்த ஸ்டாலக் 1973இல் ரைலி தயாரிக்க, ஆன்செல் காலின்ஸ் இசைத்தது. அதன்மேல் இதுவரை எத்தனையோ பாட்டுகள் எழுந்துவிட்டன. அடுத்து, "பாம் பாம்" என்ற பல்லவி. அது டூட்ஸ் ஹிபர்ட்டும் அவருடைய மேட்டால்ஸ் குழுவும் 1966இல் ஜமைக்காவின் முதல் விழாப் பாடல் போட்டியில் பாடி வென்ற பாட்டிலிருந்து வந்தது. மூன்றாவதாக, நடுவே வரும் பேச்சு. நான் ஒரு பெண், ஆண் அல்ல. மைக் பிடிப்பது என் இலட்சியம். ஜமைக்காவை மகிழ்விக்க வந்திருக்கிறேன் என்ற பொருளில் ஓடும் அந்தச் சொற்கள் முழுக்க நான்சியுடையவை. ஆணைப் பழித்தோ தன்னை உயர்த்தியோ அவர் பேசவில்லை. பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்ட குரலில், எந்தப் பதற்றமும் இல்லாமல், கூரைக்கடியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார். இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. சொந்தச் சரக்கு மூன்றில் ஒரு பங்குதானே என்று ஒருவன் வாதிட முடியும். ஆனால் அதே ரிடிமின் மேல் மற்றவர்கள் கட்டிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று தேடிப்போனால்தான் கேட்க முடியும். இது தானாக நம்மைத் தேடி உன் வீட்டு நடுக்கூடத்துக்கே வந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது ஜமைக்காவில் இந்தப் பாட்டு எடுபடவே இல்லை. நான்சி அண்ணன் குழுவோடும் மற்றக் குழுக்களோடும் மேடையேறிக்கொண்டிருந்தார், ரெக்கே சன்ஸ்பிளாஷ் என்ற பெரும் விழாவில் பாடிய முதல் பெண் டீஜேயும் அவரே, வெளிநாடுகளுக்கும் போனார். ஆனால் அவரை அங்கே அறியவைத்தவை வேறு பாட்டுகள். 'பாம் பாம்' தட்டு அவர் பின்னால் வராமல் தனியே கப்பலேறிப் போய், நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒவ்வொரு நடன இரவாகச் சுழன்று வளர்ந்தது. அவருக்கு அது தெரியாது.

1996இல் நான்சி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு வங்கியில் கணக்காளர் வேலை. பாட்டைத் தொழிலாக நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்ற நிலையில் யாரும் எடுக்கிற முடிவுதான். 1998இல் வந்த 'பெல்லி' என்ற அமெரிக்கப் படத்தில் தன் குரல் ஒலிப்பதைக் கேட்டபோதுதான், பதினாறு ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டு எங்கெங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் தம் பாட்டு ஒன்றில் அதன் வரிகளை எடுத்தாண்டார். ஊர் முழுவதும் பாட்டு ஓடுகிறது. பாடியவர் காலையில் எழுந்து வேலைக்குப் போய், அடுத்தவர் பணத்தை எண்ணிக் கணக்கை நேர் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். நாள் முடிவில் ஒரு ரூபாய் இடித்தால்கூட நாம் இருவரும் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடியிருக்கிறோமே, அது எனக்கு நினைவுக்கு வந்தது. இவருடைய சொந்தக் கணக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் இடித்துக்கொண்டே இருந்தது. 1982 முதல் 2014 வரை அந்தப் பாட்டுக்கான உரிமைத்தொகையாகத் தம் கைக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவர் சொல்லும் கணக்கு.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தனிமனிதரின் சூது என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. அந்தக் காலத்து கிங்ஸ்டனில் தயாரிப்பாளர் கூடத்துக்கு வாடகை கொடுப்பார், இசைக்காரர்களுக்குக் கூலி கொடுப்பார், தட்டு அச்சிடுவார். பாடுகிறவருக்கு ஒரு தொகையைக் கையில் வைத்தால் அதோடு கணக்கு முடிந்தது. எழுத்து, ஒப்பந்தம் என்பது பல நேரங்களில் இல்லை. சட்டமும் துணைக்கு வரவில்லை: ஜமைக்கா தனக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1993இல்தான்; அதுவரை ஆங்கிலேயர் 1911இல் செய்துவைத்த சட்டமே அங்கே நடப்பில் இருந்தது. இசைத்தட்டு முளைவிடும் காலத்துச் சட்டத்தைக் கொண்டு சவுண்ட் சிஸ்டத்துக்கு நியாயம் வழங்குவது எப்படி? ஆனாலும் ரைலியின் பக்கம் சாய்ந்து பேச என் மனம் ஒப்பவில்லை. ரிடிமும் அவருடையது, தட்டும் அவருடையது, குரலும் அவருடையது என்றால், பாடியவருக்கு என்னதான் மிச்சம்?

திருப்பம் ஒரு செருப்பு விளம்பரத்தால் வந்தது. 2014இல் ரீபாக் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் 'பாம் பாம்' ஒலித்தபோது, இனியும் பொறுப்பதில்லை என்று அவர் வழக்கறிஞரை நாடினார். அதற்கு முன்பே, 2011 இறுதியில் சுடப்பட்ட ரைலி 2012 ஜனவரியில் இறந்திருந்தார். முடிவில் பாட்டின் உரிமையில் பாதியும், கடந்த பத்தாண்டுக்கான தொகையும் நான்சிக்குக் கிடைத்தன. முந்தைய இருபத்திரண்டு ஆண்டுகள் போனவை போனவைதான். நம் வங்கிகளிலும் பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகையைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் உரியவர் எப்போது வந்து கேட்டாலும் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பாட்டுலகத்தில் அந்த விதி இல்லை போலிருக்கிறது.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராப் பாடகர்களான கான்யே வெஸ்ட் 2016இலும் ஜே-ஸி 2017இலும் தங்கள் பாட்டுகளில் அந்தக் குரலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஜே-ஸியின் காணொளிக்காக நான்சியே ஜமைக்காவில் படப்பிடிப்பில் கலந்துகொண்டார். வங்கி வேலையை விட்டார். அறுபதைத் தாண்டியும் ஐரோப்பா, அமெரிக்கா என்று மேடையேறிக்கொண்டிருக்கிறார். 2024இல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்திருக்கிறது. அண்மைக் காலக் காணொளி ஒன்றைப் பார்த்தேன். ஒல்லியான உருவம், நீண்ட சடைமுடி, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, அதே நிதானம். முன்வரிசையில் நின்று கூடவே பாடிய பிள்ளைகளுக்கு உன் பேத்தியின் வயதுதான் இருக்கும். பாட்டு வெளிவந்தபோது அவர்களுடைய பெற்றோரே சிறு பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

பேத்தியிடம் சொல், ஒத்திகைக்கு அவர்கள் வெட்டி வைத்திருக்கும் முப்பது விநாடியை விட்டுவிட்டு, ஒருமுறையாவது முழுப்பாட்டையும் போட்டுக் கேட்கட்டும் என்று. கைபேசியில் கேட்டால் அந்த பேஸ் காதுக்கே எட்டாது. உன் அப்பாவின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஒலிபெருக்கியும் பரணில் இன்னும் கிடக்கின்றனவா? அடுத்த மாதம் முதல் வாரத்தில் நான் அங்கே வருகிறேன். எலி கடிக்காமல் வயர் மட்டும் மிஞ்சியிருந்தால், இருவரும் சேர்ந்து இறக்கித் துடைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
முத்து