நுரையீரல் மாற்றியபின் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆம்புலன்ஸ் பறந்த கதைக்கு முழுப் பக்கம்; நோயாளிக்குத் தெரிய வேண்டியதற்கு நான்கே வரி. மருத்துவமனைகளிலும் இதே கணக்குதான். என் அண்ணனுக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது, எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதை விலாவாரியாகச் சொன்னார்கள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கத்தைக் காகிதம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து.

மூளைச்சாவு அடைந்தவரின் நுரையீரல் கிடைத்தாலும் ரத்த வகை பொருந்த வேண்டும், மார்புக்கூட்டின் அளவும் ஒத்துவர வேண்டும். வெளியே எடுத்தபின் அது ஏறத்தாழ 6 மணி நேரம்தான் தாங்கும். அதனால் நள்ளிரவிலும் அழைப்பு வரும். ஓடிப்போய்ப் படுத்தபின், "அந்த நுரையீரல் சரியில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்றும் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. காசு வாங்கிக்கொண்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் கொதித்தார்கள். இப்படியும் நேரலாம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

சிகிச்சைக்குப்பின் அண்ணன், "இருமலே இல்லை" என்று பூரித்துப் போனார். பிசியோதெரபிஸ்ட் பெண்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். அறுவையின்போது நரம்புகள் துண்டிக்கப்படுவதால், புது நுரையீரலில் சளி கட்டினாலும் இருமல் தானாக வராதாம். தலையணையை மார்போடு இறுக்கிப் பிடித்து, நாமே வலிந்து இருமித் துப்ப வேண்டும். இதை முதல் நாளே சொல்லித் தர என்ன தடை?

மாத்திரை விஷயமும் அப்படியே. உடல் புது உறுப்பை எதிர்க்காமல் இருக்க ஆயுள் முழுதும் மருந்து உண்டு. அதில் ஒன்றான டாக்ரோலிமஸின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம் கூடாது. லேசான காய்ச்சல் என்றாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும், கைவைத்தியம் ஆகாது.

எத்தனை காலம் வாழலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உலக அளவில் இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 6 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மூச்சுக்குத் தவிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்வார், அண்ணனும் ஒப்புக்கொண்டிருப்பார்.

நுரையீரல் மருத்துவர் ஒருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் வைத்து இவற்றைத் தமிழில் எழுதி வாங்கி வெளியிடுங்கள். கிழித்து வைத்துக்கொள்ள வசதியாக நடுப்பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்